கொல்லிமலையில் நம் ஆளைத் தேடி

மலையைக் கண்ணால் பார்க்காமலே ஒன்பது வருஷம் மலையேற்றத்தைப் பற்றி எழுதியவன் நான். புதுச்சேரியில் நான் ஏறியதிலேயே உயரமானது கலங்கரை விளக்கத்துப் படிக்கட்டு. அதிலும் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அப்படிப்பட்டவன் இந்த ஆடி மாதத்தில் கொல்லிமலைக்குப் போனேன் என்றால் சும்மா போகவில்லை. சொன்ன பொய் ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொள்ளப் போனேன்.

பொய்யைச் சொல்லுமுன் பந்தயத்தைச் சொல்லவேண்டும். பிரெஞ்சு தேசத்தைச் சைக்கிளில் சுற்றி வருகிற பந்தயம் அது. மூன்று நான்கு வாரம் நடக்கும். இன்றைக்கு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர், நாளைக்கு அங்கிருந்து அடுத்த ஊர். தினமும் ஆன நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்தத்தில் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் பனியன். கப்பலில் வரும் பாரிஸ் பத்திரிகைகளைப் பார்த்து அதையெல்லாம் எங்கள் வாரப் பத்திரிகைக்குத் தமிழாக்கித் தருவது என் வேலை. கப்பல் வர ஒரு மாதம் ஆகும். அங்கே ஜெயித்தவன் மாலையைக் கழற்றிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் இங்கே எங்கள் வாசகர்கள் யார் ஜெயிப்பாரோ என்று கவலைப்படத் தொடங்குவார்கள்.

இந்தப் பந்தயத்தைப் பற்றி எனக்குத் திட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. கேட்க ஆள் இல்லாமல் அவை முற்றிப்போய்விட்டன. நாள் முழுவதும் பிறர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி வந்து, கடைசி நூறு கஜத்தில் பாய்ந்து ஜெயிக்கிறவர்களை நான் மதிப்பதில்லை. சமையலுக்கு வராமல் பந்திக்கு முந்துகிற ரகம். மலையில் ஜெயித்தவனே ஜெயித்தவன். ஏற்றத்தில் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவியைப் பந்தயத்தில் அனுமதித்தபோது அதைக் கண்டித்து எழுதினேன். அச்சுக்கோப்பவரைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தலைவனின் சக்கரம் உடைந்தால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் குந்தியிருக்கிறானே ஒரு தொண்டன், மஞ்சள் பனியனை அவனுக்குத்தான் போடவேண்டும் என்பது என் கட்சி. எல்லாருக்கும் கடைசியில் வருகிறவனைச் ‘சிவப்பு விளக்கு’ என்பார்கள். ரயிலின் கடைசி வண்டியில் தொங்குமே, அது. என் பிரியமெல்லாம் எப்போதும் அந்தச் சிவப்பு விளக்கின் மேல்தான்.

அந்தப் பிரியமே வினையாயிற்று. எந்த அணியிலும் சேராமல், தானே பஞ்சர் ஒட்டி, தானே தங்க இடம் தேடிக்கொள்ளும் தனியாட்களையும் அந்நாளில் பந்தயத்தில் விட்டார்கள். ஒரு வாரம் பத்திரிகைப் பக்கத்தில் நாலு அங்குலம் காலியாக நின்றது. அந்தத் தனியாட்களில் தமிழர் ஒருவரும் ஓட்டுகிறார் என்று எழுதி அடைத்தேன். பேர் வைத்தால் மாட்டிக்கொள்வேன் என்று ‘நம் ஆள்’ என்றே எழுதினேன். எழுபதாவதாக வருவார், எழுபத்திரண்டாவதாக வருவார். ஒருநாளும் ஜெயிக்கமாட்டார், ஒருநாளும் விலகமாட்டார். வாசகர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆசிரியர் அவருக்கு மேலும் இரண்டு அங்குலம் ஒதுக்கினார். பிறகு அங்கே தனியாட்களையே நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தியை மட்டும் நான் தமிழாக்கவில்லை.

அப்புறம் யுத்தம் வந்தது. பாரிஸ் விழுந்தது, பந்தயம் நின்றது, பத்திரிகைக் கப்பலும் நின்றது. ஆனாலும் ஆடி பிறந்தால் என் கால் தன்பாட்டில் கடற்பாலம் வரை போய்த் திரும்புகிறது. வராத கப்பலுக்காக ஏங்குவது நாற்பத்தைந்து வயதில் அழகில்லை. ஏங்குகிறேன், என்ன செய்ய.

இந்த வருஷம் ஆனிக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. கொல்லிமலை அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி என்ற ஊரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் காதர் என்பவர், பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். “மூணாவது ஆடி வரப்போவுது. நம்ம ஆளப் பத்தி ஒரு சேதியும் இல்லீங்க. யுத்தத்துல அவனுக்கு ஒண்ணும் ஆயிடலீங்களே? அவன் என் தம்பிதானுங்க, பேரு சம்சு. எட்டு வருஷத்துக்கு முன்னால ஊட்ட உட்டுப் போனவன். எப்படித் தெரியும்னு கேட்டீங்கன்னா, நேர்ல வாங்க, காட்டறேன்.”

மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். உங்கள் தம்பி என்று நீங்கள் நினைக்கிறவர் காலி இடம் அடைக்கப் பிறந்தவர் என்று எந்தக் கடிதத்தில் எழுதுவது? நேரில் போய்ச் சொல்லிவிட்டு, திட்டினால் வாங்கிக்கொண்டு வருவதே மரியாதை என்று கிளம்பினேன்.

புதுச்சேரிக்காரனுக்கு ஊர் எல்லை தாண்டினாலே அயல்நாடு. இங்கிலீஷ்காரன் பக்கத்துச் சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். காதருக்குக் கொடுக்க ஒரு பிரெஞ்சு டயர் சுற்றி வைத்திருந்தேன். டயருக்குப் பஞ்சமான காலம். “இது எதுக்கு?” என்றார் சிப்பந்தி. பாவத்துக்குப் பரிகாரம் என்றா சொல்லமுடியும்? நண்பருக்கு என்றேன். சட்டப்படி டயர் அங்கேயே தங்கிவிட்டது. நான் வெறுங்கையோடு வெளிதேசம் புகுந்தேன்.

ரயில் கதையைச் சொல்லிச் சலிப்பூட்டமாட்டேன். சேந்தமங்கலத்திலிருந்து அடிவாரத்துக்குக் கரி பஸ். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். லேசான மேடு வந்ததும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் பணிவாகச் சொன்னார்: “ஏனுங்க, எல்லாரும் எறங்கி ஒரு கை குடுத்தீங்கன்னா போயிரலாமுங்க. இல்லீன்னா நடந்துருங்க, பஸ்ஸுக்கு முன்னால போயிருவீங்க.” கோழிக்கூடையோடு வந்த ஒருவர், “டிக்கெட்டும் குடுத்துத் தள்ளவும் தள்ளோணுமா?” என்று கேட்டுக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் இறங்கித் தள்ளினார். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எங்கள் பஸ் பறக்கவில்லை.

தள்ளி முடித்து நிமிர்ந்தபோதுதான் மலையைப் பார்த்தேன். வயல்களுக்கு அப்பால் நேராக எழுந்து நின்றது. மேகம் அதன் மேலே இல்லை, இடுப்பில் இருந்தது. எத்தனை தடவை ‘செங்குத்தான ஏற்றம்’ என்று எழுதியிருப்பேன்! செங்குத்து என்றால் இது என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பிடித்த வீரர்கள் எல்லாம் இப்படி ஒன்றின் மேல்தான் ஏறினார்களா, இதைத்தானா நான் ஒரு வரியில் தாண்டிக்கொண்டு போனேன் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. கரிப்புகை என்று துடைத்துக்கொண்டேன்.

காதர் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர், விரல்களில் கிரீஸ் ஏறிப்போயிருந்தது. கடைச் சுவரைக் காட்டினார். என் கட்டுரைகளைக் கத்தரித்துப் பசை போட்டு, கூரை வரைக்கும் ஒட்டியிருந்தார். என் எழுத்துக்கு இப்படி ஒரு கோயில் இருக்குமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வேறொரு சமயமாக இருந்தால் பூரித்திருப்பேன்.

“பாண்டிச்சேரியிலிருந்து செயினு, பெடலு பார்சல் வருமுங்க. அதைச் சுத்தி வந்த பழைய பேப்பருதான் உங்க பத்திரிகை. சம்சுதான் மொதல்ல படிச்சான். அப்பறம் பார்சல் வந்தா சாமானப் பாக்கமாட்டான், காயிதத்தத்தான் பாப்பான். இங்கத்த மலைய அவன் ஏறாத நாளில்ல. நானும் பிரான்ஸு போயி ஏறறேன்னான். ஏறி எறங்கறதெல்லாம் ஒரு பொழப்பாடான்னு கேட்டேன். அதுல சண்டையாயிப் போச்சு. மறுநா காலைல ஆளில்லீங்க.”

“பிறகு கடிதம் எதுவும் வரலையா?”

“கோவத்துல போனவன் எப்படிங்க போடுவான்? ஆனா அடுத்த ஆடியிலயே உங்க பத்திரிகைல வந்துட்டானே. வருசா வருசம் சேதி வந்துருது, உசுரோட இருக்கான், போதும்னு இருந்துட்டேன்.”

அவர் வீட்டில் ராகிக்களியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்தார்கள். எங்கள் ஊரில் நாங்கள் நீள ரொட்டியைக் கடித்துப் பழகியவர்கள். நான் களியையும் மென்று கொண்டிருந்தேன். “கடிக்கக் கூடாதுங்க, முழுங்கோணும்,” என்றார் காதர் பாய். அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வந்ததையும் களியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மலைக்குக் கிளம்பினோம். ரோடு கிடையாது. கல்லும் வேருமாக ஒரு நடைபாதை, அவ்வளவுதான். மேலே இருக்கிறவர்கள் மிளகையும் பலாப்பழத்தையும் சுமந்துகொண்டு இதில்தான் இறங்குகிறார்கள், உப்பையும் மண்ணெண்ணெயையும் சுமந்துகொண்டு இதில்தான் ஏறுகிறார்கள். எங்களோடு சின்னப்பொண்ணு என்ற மலைக்கார அம்மாள் உப்பு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். மலைமேல் திருப்புலி நாடு என்கிற பகுதியில் வீடு. காதர் பாய் வீட்டுக்கு மிளகு கொண்டுவந்து போடுகிற பழக்கம். அவர் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வந்தார். நான் பேசாமலே மூச்சு வாங்கினேன்.

“எத்தனை தூரம் அம்மா?” என்றேன்.

“ஏழு தடவ சொமை எறக்கோணும்ங்க. உங்களுக்கு ஒரு இருவது தடவ ஆவும்.”

பந்தயத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். நூறு பேர் மலையேறுவார்கள், யார் முதலில் வருகிறாரோ அவருக்குப் பெரிய பேர் என்றேன்.

“சொமை எவ்வளவுங்க?”

“சுமை ஒன்றும் கிடையாது.”

“மேல ஊடு இருக்குதுங்களா அவங்களுக்கு?”

“இல்லை. மேலே போய்விட்டு அந்தப் பக்கம் இறங்கிவிடுவார்கள்.”

“வெறுங்கையோட ஏறி வெறுங்கையோட எறங்கறதுக்கு எதுக்குச் சாமி அத்தன அவசரம்?” என்றார்.

ஆளுயரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் வந்தது. சின்னப்பொண்ணு மூட்டையை அதன்மேல் சரித்துவிட்டு, வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றார். எங்களுக்கு முன்னால் சுமையோடு போயிருந்த மூன்று மலைக்காரர்களும் அப்படியே கீழே பார்த்து நின்றிருந்தார்கள். நான் மேலே பார்த்து, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன்.

“திரும்பி நில்லுங்க சாமி,” என்றார் அவர். “மேல பாத்து நின்னா மலை வளரும். கீழ பாத்து நின்னாத்தான் கொறையும்.”

காதர் பாய் என் கையைப் பிடித்தார். “இதைக் காட்டத்தானுங்க கூட்டியாந்தேன். நம்ம ஆளு மலையில நின்னு தண்ணி குடிக்கறப்பல்லாம் கீழ பாத்துத் திரும்பி நிப்பாருன்னு எழுதியிருந்தீங்க. மலை கொறையும்னு அவரு சொன்னதாவும் எழுதியிருந்தீங்க. இந்தத் தடத்துல ஏறறவன உட்டா வேற எவனுக்குங்க இது தெரியும்? அவன் சம்சுதான். இப்ப எங்கீங்க இருக்கான்?”

நான் கல்லில் சாய்ந்துகொண்டேன். “பாய், அப்படி ஒரு ஆளே கிடையாது,” என்றேன். “பந்தயத்தில் தமிழர் யாரும் ஓட்டவில்லை. பக்கம் அடைக்க நான் கட்டி எழுதினது. மன்னிச்சிடுங்க.”

அவர் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கீழேயே பார்த்தபடி நின்றார். பிறகு கேட்டார்: “சரிங்க. அவனைக் கட்டுனீங்க. இந்தப் பேச்ச எங்கிருந்து எடுத்தீங்க?”

எங்கிருந்து எடுத்தேன்? என் சொந்தச் சரக்கு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். மலையைப் பார்க்காதவனுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? அந்தக் கல்லடியில் நின்று யோசித்தபோது மெல்ல மெல்ல வந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன் எங்கள் அச்சகத்துக்கு ஓர் இளைஞன் வந்தான். பந்தயத்தைப் பற்றி எழுதுகிறவர் யார் என்று கேட்டு வந்தான். பிரான்ஸில் மார்செய்ல்ஸ் துறைமுகத்துக்குக் கப்பலில் எத்தனை நாள் என்று கேட்டான். பந்தயத்தில் மலையேறும் நாளைப் பற்றிய கட்டுரையை நான் திருத்திக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, ஏறும்போது நின்றால் கீழே பார்த்து நிற்கவேண்டும், அப்போதுதான் மலை குறையும் என்று சொன்னான். நன்றாக இருக்கிறதே என்று புரூப் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். பேரைக் கேட்கவில்லை. கப்பல் கேட்டு வாரத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள். முகம் மறந்துவிட்டது. நகத்தில் கறுப்பாகக் கிரீஸ் இருந்தது மட்டும் ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் அப்படியே சொன்னேன். கப்பல் ஏறினானா என்று கேட்டார். தெரியாது என்றேன். பிறகு எங்கே போனான் என்றார். அதுவும் தெரியாது. “உங்க எழுத்தப் படிச்சுத்தான் போனான். உங்ககிட்டயேதான் வந்திருக்கான்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் காதில் அது கோபமாகவே விழுந்தது.

வழியில் நின்ற தடவைகளை நான் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். சின்னப்பொண்ணுக்கு ஏழு, எனக்குப் பதினாறு.

உச்சியில் ஏறினால் மறுபுறம் இறக்கம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மேலே ஒரு நாடே இருக்கிறது. நெல் வயல், சாமைக் காடு, பலா மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, அங்கங்கே ஓலை வேய்ந்த வீடுகள். சம்சு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறி, வயலுக்கு நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையில் ஓட்டுவானாம். சின்னப்பொண்ணு அந்தப் பாதையைக் காட்டினார். “மலைக்கு மேல சக்கரம் வந்தத அப்பத்தான் பாத்தோமுங்க. ஊரே பின்னால ஓடுச்சு.”

ஓரத்தில் நின்று கீழே பார்த்தேன். சேந்தமங்கலம் ரோடு நூலாகத் தெரிந்தது. அதில் நூறு சைக்கிள்கள் வரிசையாக வரக்கூடாதா என்றிருந்தது. கடைசியில், எல்லாருக்கும் வெகுதூரம் பின்னால், ஒரே ஒரு ஆள் வரவேண்டும். அவரைப் போய்ப் பார்க்கவேண்டும், பேர் கேட்கவேண்டும் என்று அப்படி ஆசையாக இருந்தது. மாட்டுவண்டி ஒன்றுதான் போய்க்கொண்டிருந்தது.

சின்னப்பொண்ணு வீட்டில் சாமைச் சோறும் கொள்ளுப் பருப்பும் போட்டார். பரிமாறிக்கொண்டே, “பாய், தம்பி சேதி ஏதாச்சும் வந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

“வந்துச்சு,” என்றார் காதர் பாய். “பாண்டிச்சேரி வரைக்கும் போயிச் சேந்துட்டான்.”

மூன்றாம் நாள் காலை இறங்கினோம். பஸ் நிலையத்தில் கண்டக்டர் அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காதர் பாய் ஒரு பொட்டலம் மிளகை என் மடியில் வைத்தார். கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கோணும்ங்க.”

“கேளுங்க பாய்.”

“சண்ட போட்டமின்னேனே, அன்னிக்கு அவன் சோத்துல கை வெச்சிருந்தான். நாந்தான் பேசிப் பேசி எந்திரிக்க வெச்சேன். பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போனவனுங்க. உங்க ஆபீசுக்கு வந்தப்ப சாப்ட்டிருந்தானா?”

எனக்கு நினைவில்லை. கேட்டிருக்கவும் மாட்டேன். மலையிலிருந்து இறங்கும்போது, இனி இந்த மனிதரிடம் இல்லாததைச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். “நினைவில்லை பாய்,” என்றேன்.

பஸ் உறுமியது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார்கள். அவர் கம்பியை விடாமல் கூடவே நடந்தார்.

“நெனவில்லாட்டிப் போவுதுங்க. கட்டிச் சொன்னாலும் சரி. சொல்லுங்க.”

எந்த ஊரில் நம் ஆள் எத்தனை முட்டை தின்றார், எந்தக் கிழவி அவருக்கு ரொட்டி கொடுத்தாள் என்றெல்லாம் பேனாவை நிறுத்தாமல் எழுதியவன் நான். அன்றைக்கு ஒரு வாய்ச் சோறு சொல்ல நாக்கு எழவில்லை. பஸ் வேகம் எடுத்தது. அவருக்கு மூச்சு வாங்கியது.

“சாப்பிட்டார் பாய்,” என்றேன். “வயிறு நிறையச் சாப்பிட்டார்.”

அவர் கம்பியை விட்டுவிட்டு நின்றார். என்ன சாப்பிட்டான் என்று கேட்கவில்லை.